ரெண்டாவது ராத்திரியும் பவுடர் பால் டப்பாவும்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயந்தாங்க. ஆஸ்பத்திரியிலயே பவுடர் பால் ஆரம்பிச்சுட்டாங்க, வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் தாய்ப்பால் பத்தல, கொழந்த மார்ல வாயே வெக்க மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம், அந்தப்பக்கம் கோபாலபுரம், பொள்ளாச்சின்னு கேரளா-தமிழ்நாடு பார்டருக்கு ரெண்டு பக்கத்துலருந்தும் எழுதியிருக்காங்க. நான் பிரசவ வார்டுல முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் எவ்வளவு பக்கம் குடுத்தாலும் எழுதுவேன், அதனால இந்த தடவ மத்த கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்கு தள்ளி வெச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 24. மொதல் பிரசவம், சிசேரியன். பொண்ணு பொறந்து இன்னிக்கு 12 நாள். எடை இப்ப 3 கிலோ. ஆபரேஷன் முடிஞ்சு எனக்கு மயக்கம் தெளியறதுக்குள்ள பவுடர் பால் குடுத்துட்டாங்க. ரெண்டாவது நாள் ராத்திரி விடாம அழுதா, பால் இல்லன்னு சொல்லி மறுபடி பாட்டில். இப்ப மார்ல போட்டா ரெண்டு நிமிசம் சப்பிட்டு வீல்னு அழறா, அப்புறம் 60 எம்எல் பாட்டில் குடிச்சுட்டு தூங்கறா. ஒரு நாளைக்கு ஏழு தடவ இப்படி. எனக்கு பாலே இல்லையாக்கா? - மீனாட்சிபுரம் வாசகி

கண்ணு, மொதல்ல ஒரு கணக்கு போடுவோம். 60 எம்எல், ஏழு தடவ, மொத்தம் 420 எம்எல். இந்த வயசுல 3 கிலோ கொழந்தைக்கு நாள் முழுக்க வேண்டியதே கிட்டத்தட்ட 450 எம்எல் தான். அப்ப உன் பொண்ணோட வயித்துல உன் பாலுக்குன்னு எடம் எங்க இருக்கு? அவ மார்ல ரெண்டு நிமிசம் சப்பிட்டு அழறத பாத்து பால் இல்லன்னு நீ முடிவு பண்ணிட்ட, ஆனா பாட்டில்ல தலைகீழா கவுத்தா தானா கொட்டுது, மார்ல அப்படி வராது, கொஞ்ச நேரம் சப்பி சப்பி தான் பால் எறங்கணும், அந்த ஒரு நிமிசம் காத்திருக்கறது அவளுக்கு மறந்துபோச்சு, அவ்வளவுதான்.

அந்த ரெண்டாவது ராத்திரி இருக்கே, அத பத்தி நான் கொஞ்சம் பேசியே ஆகணும். பொறந்த மொத நாள் கொழந்த பெரும்பாலும் தூங்கிட்டே இருக்கும், எல்லாரும் நல்ல புள்ளன்னு சொல்வாங்க. ரெண்டாவது நாள் ராத்திரி முழிச்சுக்கும், மார்லருந்து எடுத்தா அழும், போட்டா சப்பும், பத்து நிமிசத்துல மறுபடி அழும், விடிய விடிய இதே வேலை. வார்டுல லைட்டெல்லாம் அணைச்சிருப்பாங்க, தையல் போட்ட வயிறு வலிக்கும், பக்கத்து கட்டில்காரங்க திரும்பி பாப்பாங்க, அம்மாயி ஒரு பக்கம் கண்ண கசக்கிட்டு இருப்பாங்க, யாரோ ஒருத்தர் வெளிய மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவாங்க. நான் பாத்த டப்பாங்கள்ல நெறைய அந்த ராத்திரி பதினொரு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவுல தொறந்தது தான். ஆனா அந்த அழுகை பல நேரம் பால் இல்லாத அழுகை கெடையாது கண்ணு. அடிக்கடி சப்பி சப்பி நாளைக்கு வேண்டிய பாலுக்கு அவ சொல்லி வெக்கறா. அந்த ராத்திரி அவள பாட்டில்ல நெறைச்சு தூங்க வெச்சா, அப்படி சொல்லி வெச்சது நின்னுபோகுது.

மொதல் நாள்ல உனக்கு சீம்பால் தான் வந்திருக்கும், அது பாக்க மஞ்சளா கெட்டியா ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் அளவு கூட சில சமயம் இருக்காது. அதப் பாத்து பயப்படக்கூடாது. மொத 24 மணி நேரத்துல ஒரு தடவைக்கு 2லருந்து 10 எம்எல், ரெண்டாவது நாள் 5லருந்து 15, மூணாவது நாள் 15லருந்து 30, நாலாவது நாள் 30லருந்து 60, இவ்வளவு தான் கொழந்த குடிக்கும். மொத நாளே 30 எம்எல் பாட்டில் குடுத்தா அவ வேண்டியதுக்கு மூணு நாலு மடங்கு குடிச்சிருக்கான்னு அர்த்தம். பவுடர் பால் செரிக்க நேரம் ஆகும், அதனால நாலு மணி நேரம் தூங்குவா, அந்த நாலு மணி நேரத்துல ரெண்டு தடவ மார்ல சப்ப வேண்டியது போச்சு.

இதுல ஒடம்போட வேலை எப்படின்னா, நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் ஒரு ஹார்மோன் சட்டுனு கொறையும், அதுக்கப்புறம் ரெண்டுலருந்து நாலு நாளுக்குள்ள மார் கனத்து பால் பெருகும். இது கொழந்த சப்பினாலும் சப்பாட்டியும் ஓரளவுக்கு தானா நடக்கும். அதுக்கு மேல போக போக, எவ்வளவு பால் வெளிய போகுதோ அவ்வளவு தான் உள்ள ஊறும். பால் தேங்கி நின்னா மாரே போதும்னு உற்பத்திய கொறைச்சுக்கும். எறைக்கற கெணறு தான் ஊறும்னு நம்ம ஊர்ல சொல்றது இதுக்கு அப்படியே பொருந்தும். சிசேரியன் ஆனவங்க, மொதல் பிரசவக்காரங்க, சுகர் இருக்கறவங்க, பிரசவத்துல ரத்தம் நெறைய போனவங்க, இவங்களுக்கு பால் பெருகறது ஒரு நாள் தள்ளிப்போகலாம், அந்த ஒரு நாள்ல தான் அவசரப்பட்டுடறாங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்கு கிட்டத்தட்ட 45, கேரளாவுல 39 சிசேரியன். நாடு முழுக்க பாத்தா பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் குடிச்ச கொழந்தைங்க 100க்கு 42 தான். உனக்கு மட்டும் நடந்துபோச்சுன்னு நெனைக்காத.

இப்ப என்ன பண்றது. இன்னிக்கே பாட்டில தூக்கி எறியாத, அது தப்பு, கொழந்த பட்டினி கெடக்கும். மொத ரெண்டு நாள் பவுடர் பாலோட அளவ கொறைக்கவே வேண்டாம், குடுக்கற விதத்த மட்டும் மாத்து. பாட்டிலுக்கு பதிலா பாலாடையில குடு, சங்குன்னும் சொல்வாங்க, எல்லா பாத்திரக்கடையிலயும் கெடைக்கும். கொழந்தைய நிமித்தி மடியில ஒக்கார வெச்ச மாதிரி புடிச்சு, பாலாடையோட மூக்க கீழ் ஒதட்டு மேல லேசா வெச்சு, சாய்ச்சு ஊத்தாம அவ நாக்கால நக்கி எடுக்கற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா. மொத தடவ பாதி கழுத்துல தான் வழியும், ஒரு துண்டு கட்டி வெச்சுக்கோ, மூணாவது தடவைக்குள்ள ரெண்டு பேருக்கும் பழகிரும்.

அதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மார்ல தான் மொதல்ல போடணும். அழுது ஓஞ்சு பசி தலைக்கேறின பின்னாடி போடாத, வாய கொழப்பறா, கைய வாய்க்கு கொண்டு போறான்னு பாத்ததுமே எடு. அவ சட்டைய கழட்டி உன் நெஞ்சோட சேத்து போட்டுக்கோ, மேல ஒரு போர்வை. தையல் இருக்கறதால கொழந்தைய கக்கத்துக்கு கீழ, கால் உன் முதுகு பக்கம் போற மாதிரி வெச்சு குடுத்துப்பாரு, இல்ல ஒருக்களிச்சு படுத்துட்டு குடு. வாய் நல்லா பெருசா தொறக்கணும், தாடை மார்ல முட்டணும், கீழ் ஒதடு வெளிப்பக்கம் மடிஞ்சிருக்கணும், காம்பு மட்டும் வாயில இருந்தா அது உனக்கு வலி, அவளுக்கு பால் வராது.

ரெண்டு நிமிசத்துல அழறாளே அதுக்கு ஒரு வழி இருக்கு. அவ மார்ல இருக்கறப்பவே உங்க அத்தையோ அம்மாவோ பக்கத்துல ஒக்காந்து, ஊசி இல்லாத சிரிஞ்சுலயோ பாலாடையிலயோ பால எடுத்து, மார் மேலருந்து சொட்டு சொட்டா அவ வாயோரம் எறங்கற மாதிரி விடணும். அவளுக்கு சப்பினா பால் வருதுன்னு நம்பிக்கை வரும், உனக்கு மார் சப்பப்படும், ஒரே வேலையில ரெண்டு காரியம். வார்டுல இத செஞ்சு, விட்டுப்போன கொழந்தைங்கள திரும்ப மார்ல புடிக்க வெச்சிருக்கேன், கண்ணால பாத்தது.

குடிச்சு முடிச்சதும் ரெண்டு பக்கமும் கையாலயே பீச்சி எடுக்கணும். கட்டைவிரல் மேல, மத்த விரல் கீழ, கருவட்டத்துக்கு ஓரத்துல வெச்சு, மொதல்ல நெஞ்சு பக்கமா உள்ள அமுக்கி, அப்புறம் விரல சேத்து அமுக்கி விடணும், தோல் மேல வழுக்கி இழுக்கக்கூடாது. மொதல் ரெண்டு நாள் சொட்டு தான் வரும், வந்தத ஒரு சொட்டு விடாம அவளுக்கே குடு. நாளைக்கு எட்டு தடவையாவது மார் காலியாகணும், அதுல ஒண்ணு நடுராத்திரிக்கு மேல இருக்கணும்.

ரெண்டு நாள் கழிச்சு ஒவ்வொரு தடவையும் 60ங்கறத 50 ஆக்கு. ரெண்டு மூணு நாள் பாத்துட்டு 40. பயமில்லாம கொறைக்கறதுக்கு எடையும் மூத்திரமும் தான் சாட்சி. நாளைக்கு ஆறு தடவைக்கு மேல நல்லா மூத்திரம் போகணும், மலம் மஞ்சளா இருக்கணும், எடை வாரத்துக்கு 150லருந்து 200 கிராமாவது ஏறணும், எப்பவும் ஒரே தராசுல எடை போடு, அங்கன்வாடியில இருக்கும், இல்லைன்னா சப் சென்டர்ல நர்சம்மாகிட்ட கேளு. எடை ஏறலைன்னா கொறைக்கறத நிறுத்திட்டு டாக்டர பாரு, அதுல ஒரு தோல்வியும் இல்ல.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, 1986ல எனக்கு மொதல் பையன் பொறந்தப்ப, நான் அப்ப நர்ஸ் வேலைக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகல, ஒரு நர்சிங் ஹோம்ல அவன ரெண்டு நாள் வேற ரூம்ல வெச்சு பாட்டில் குடுத்தாங்க, மூணாவது நாள் என் மார் கல்லு மாதிரி கட்டிக்கிட்டு காய்ச்சல் வந்துச்சு, அவன் வாயே வெக்கல. நாப்பது நாள்ல எனக்கு பால் நின்னுபோச்சு. யாரும் என் பக்கத்துல ஒக்காந்து இப்படி புடிம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கப்புறம் என் வார்டுல நைட் டியூட்டி இருந்தா ரெண்டாவது ராத்திரிக்காரங்க யாருன்னு தான் மொதல்ல கேப்பேன்.

கேள்வி: அக்கா வணக்கம். நான் தென்னந்தோப்புல கள்ளு எறக்கற வேலை பாக்கறேன். பையன் பொறந்து எட்டு நாள். என் சம்சாரம் ராத்திரி தூங்கவே இல்ல, பாவமா இருக்கு. ராத்திரி மட்டும் நான் ஒரு பாட்டில் பவுடர் பால் குடுத்தா அவ தூங்குவால்ல? பகல்ல பூரா தாய்ப்பால் தான். - வண்ணாமடை வாசகர்

தம்பி, நீங்க கேட்ட மனசுக்கே ஒரு கும்பிடு. உங்க தொழில்லருந்தே சொல்றேன், பாளைய ரெண்டு வேளையும் சீவணும், ஒரு நாள் ஏறாம விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, சீவின எடம் காஞ்சு ஊறறது கொறஞ்சுபோகும், திரும்ப பழைய மாதிரி கொண்டு வர எத்தன நாள் படுவீங்க. எட்டு நாள் ஆன மாரும் இப்ப அந்த பருவத்துல தான் இருக்கு. அதுலயும் ராத்திரி தான் பால் சொரக்க வெக்கற ஹார்மோன் அதிகமா இருக்கற நேரம், அந்த நேரத்து சப்பல் பகல்ல சப்பறத விட ஒசத்தி. ராத்திரி பாட்டில் குடுத்தா அவங்களுக்கும் விடியறப்ப மார் கட்டி வலிக்கும், தூங்கவும் முடியாது. நாலுலருந்து ஆறு வாரம் வரைக்கும் பொறுத்துக்கோங்க, அதுக்குள்ள பால் நெலைச்சுரும், கொழந்தைக்கும் மார் பழகிரும்.

ஆனா அவங்க தூங்கணுங்கறது உண்மை தான், அதுக்கு வழி பாட்டில் இல்லாம இருக்கு. கொழந்த அழுததும் நீங்க எந்திரிச்சு துணி மாத்தி, படுத்திருக்கற அவங்க பக்கத்துல கொண்டு வந்து போடுங்க, அவங்க எந்திரிக்காமயே ஒருக்களிச்சு குடுக்கட்டும், குடிச்சு முடிச்சதும் நீங்க தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சு படுக்க வையுங்க. நீங்க குடிச்சிருந்தாலோ அசந்து தூக்கம் சொக்குனாலோ கொழந்தைய உங்க பக்கத்துல படுக்க வெச்சுக்காதீங்க. பகல்ல பாக்க வர்ற சொந்தக்காரங்கள நீங்களே வாசல்ல நின்னு சொல்லி அனுப்பிடுங்க, ரெண்டு மணி நேரம் தூங்கினா போதும் அவங்களுக்கு. ரொம்பவே முடியலைன்னா சாயங்காலம் பீச்சி வெச்ச அவங்க பாலையே நீங்க பாலாடையில ஒரு தடவ குடுங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு பொறந்த பையன் 3.1 கிலோ இருந்தான், மூணாவது நாள் 2.8 ஆயிட்டான். டாக்டர் தாய்ப்பால் குடுத்துட்டு கூட கொஞ்சம் பவுடர் பால் குடுக்க சொல்றாரு. நீங்க எப்பவும் தாய்ப்பால் மட்டும்னு எழுதுவீங்க, அதனால அவ வேண்டாங்கறா. நாங்க என்ன செய்யட்டும்? - சித்தூர் வாசகி

அம்மிணி, தயவு செஞ்சு டாக்டர் சொன்னத கேளுங்க, என் பேர சொல்லி அந்தக் கொழந்தைய காயப்போட்டுடாதீங்க. பொறந்த எடையில நூத்துக்கு ஏழு வரைக்கும் கொறையறது சாதாரணம், பத்து நாள் பதினாலு நாள்ல திரும்ப ஏறிரும். உங்க பையனுக்கு கிட்டத்தட்ட பத்து கொறஞ்சிருக்கு. மூணாவது நாள்ல மூணு தடவையாவது மூத்திரம் போகணும், போறானான்னு பாருங்க. மூத்திரம் கொறஞ்சு, எழுப்பினாலும் எந்திரிக்காம தூங்கி, ஒடம்பு மஞ்சளாயிட்டே போனா அது ராத்திரின்னு பாக்காம தூக்கிட்டு போக வேண்டிய நெலம. தாய்க்கு சுகர் இருந்து கொழந்தைக்கு ரத்தத்துல சர்க்கரை எறங்கினா, கொறமாசத்துல பொறந்தா, எடை இப்படி விழுந்தா, இங்கயெல்லாம் கூட பால் குடுக்கறது மருந்து மாதிரி. மருந்துன்னா அளவு இருக்கணும்ல, அத தான் நீங்க கேக்கணும்: எதுக்காக, எத்தன எம்எல், எத்தன நாள், எதுல குடுக்கறது. மொதல்ல உங்க தங்கச்சி பீச்சற பால், அது பத்தலைன்னா மத்த தாய்ங்க தானமா குடுத்த பேங்க் பால் கெடைச்சா அது, எர்ணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரியில 2021ல தாய்ப்பால் வங்கி ஆரம்பிச்சாங்க, ஆனா அது பெரும்பாலும் ஐசியூவுல இருக்கற சின்ன சின்ன கொழந்தைங்களுக்கே போயிரும், கெடைக்கலைன்னா பவுடர் பால். பாலாடையில குடுங்க, குடுத்த ஒவ்வொரு தடவையும் உங்க தங்கச்சி பீச்சியாகணும், அது விட்டுப்போனா தான் ஆபத்து.

இதுல ஆராய்ச்சியும் ரெண்டு பக்கமும் பேசுது, ஒண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். அமெரிக்காவுல கலிபோர்னியாவுல தாய்ப்பால் மட்டும் குடுக்கணும்னு முடிவோட வந்த மொதல் பிரசவக்காரங்கள வெச்சு ஒரு ஆராய்ச்சி, 2014ல வந்துச்சு. ஆஸ்பத்திரியில பவுடர் பால் வாங்கின கொழந்தைங்கள்ல ரெண்டு மாசத்துக்குள்ள தாய்ப்பால் முழுசா நின்னது நூத்துக்கு 33 பேருக்கு, வாங்காதவங்கள்ல 10 பேருக்கு. பால் ஊட்ட கஷ்டப்பட்டவங்க தான பவுடர் வாங்கியிருப்பாங்கன்னு நீங்க கேக்கலாம், அந்த மாதிரி காரணங்கள எல்லாம் கழிச்சு பாத்தும் வித்தியாசம் இருந்துச்சு. இன்னொரு பக்கம் 2013ல அங்கயே எடை கொறஞ்ச 40 கொழந்தைங்கள வெச்சு, அதுல பாதி பேருக்கு மட்டும், மார் குடுத்த பின்னாடி 10 எம்எல் பவுடர் பால் மட்டும், சிரிஞ்சுல, தாய்ப்பால் பெருகினதும் நிறுத்தி பாத்தாங்க. மூணு மாசத்துல அந்த கொழந்தைங்க தான் அதிகமா தாய்ப்பால் மட்டும் குடிச்சிட்டிருந்துச்சு, 100க்கு 79, மத்தவங்கள்ல 42. அப்புறம் 2018ல 160க்கு மேல கொழந்தைங்கள வெச்சு பெருசா பண்ணினப்ப ஒரு மாசத்துல வித்தியாசம் ஒண்ணும் தெரியல. அதனால பத்து எம்எல் நல்லதே பண்ணும்னும் நான் சொல்ல மாட்டேன், பத்து எம்எல்லால எல்லாம் போச்சுன்னும் சொல்ல மாட்டேன். காரணத்தோட, கையளவா, மார் குடுத்த பின்னாடி குடுத்த பத்து எம்எல்லும், ராத்திரி அழுகைய நிறுத்த குடுத்த அறுபது எம்எல் பாட்டிலும் ஒண்ணு கெடையாது.

கேள்வி: நான் மூணு புள்ள பெத்தவ. எங்க காலத்துல பொறந்ததும் நாக்குல சக்கரத்தண்ணி தொட்டு சேனை வெச்சோம், என் மருமக மலையாளத்துக்காரி, அவங்க வீட்ல பொன்னும் வயம்பும் (நம்ம வசம்பு தான்) தேன்ல ஒரசி குடுப்பாங்களாம். இப்ப நர்ஸு ரெண்டும் கூடாதுங்குது. டப்பா பால் மட்டும் கூடுமா? - வேலந்தாவளம் அம்மா

அம்மா, நீங்க கேட்டதுல நியாயம் இருக்குங்க. சேனையும் டப்பா பாலும் ஒரே வரிசையில தான் வருது, கொழந்தையோட மொதல் வாய்க்கு சீம்பால் தவிர எதுவும் வேண்டாம், அதுக்கு தான் நர்ஸு சொல்லுது. தேன் மட்டும் ரொம்ப ஆபத்துங்க, ஒரு வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூட கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி கொழந்த கொடலுக்குள்ள வளந்து ஒடம்பையே தளர வெச்சுரும். ஒரசற கல்லு, தங்கம், விரல், எல்லாத்துலயும் அழுக்கு ஒட்டிட்டு வரும். நல்ல கைராசிக்காரங்க தான் சேனை வெக்கணும்னு சொல்வாங்கல்ல, அந்த ஆசீர்வாதத்த விட வேண்டாம், மருமகளே தன் சீம்பால ஒரு சொட்டு பீச்சி குடுக்கட்டும், அத நீங்க உங்க விரல நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு பேரப்புள்ளையோட ஒதட்டுல வையுங்க. உங்க சம்பந்தியம்மாவுக்கும் இதே மாதிரி ஒரு சொட்டு குடுங்க, ரெண்டு வீட்டு சாத்திரமும் ஆச்சு.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகறப்ப ஒருத்தர் சாம்பிள்னு ஒரு டப்பா ஃப்ரீயா குடுத்தாரு. வாங்கிட்டு வந்துட்டேன். தப்பா?

நீங்க வாங்கினது தப்பில்ல, அவரு குடுத்தது தான் தப்பு. 1992லயே இதுக்கு சட்டம் இருக்கு, 2003ல இன்னும் இறுக்கிட்டாங்க. ரெண்டு வயசு வரைக்குமான கொழந்தைங்க பால் மாவு, பாட்டில், எதுக்கும் விளம்பரம் பண்ணக்கூடாது, ஓசி சாம்பிள் குடுக்கக்கூடாது, டப்பாவுல கொழந்த படம் போடக்கூடாது, தாய்ப்பாலே சிறந்ததுன்னு எழுதியிருக்கணும். வீட்ல டப்பா இருந்தா ரெண்டாவது ராத்திரி கை அங்க தான் போகும், அதனால அலமாரி மேல கைக்கு எட்டாத எடத்துல வையுங்க.

கேள்வி: எனக்கு ரொம்ப முயற்சி பண்ணியும் பால் வரல. பிரசவத்துல ரத்தம் நெறைய போயி அஞ்சு யூனிட் ஏத்தினாங்க. இப்ப பாப்பாவுக்கு நாலு மாசம், முழுக்க பவுடர் பால். ஒவ்வொரு தடவையும் நீங்க எழுதறத படிச்சா அழுகை வருது அக்கா. - பொள்ளாச்சி பக்கத்துலருந்து

கண்ணு, உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அவ்வளவு ரத்தம் போனவங்களுக்கு பால் சொரக்கற வேலையே தடைபட்டுப்போறது உண்டு, நீ எத்தன தடவ கெணத்துல எறங்கினாலும் ஊத்து கண்ணே அடைபட்டிருந்தா என்ன பண்ணுவ. நீ உசுரோட இருந்து உன் பாப்பாவ மடியில வெச்சிருக்கயே, அதுக்கு மேல எந்த தாய்ப்பாலும் இல்ல. நான் இங்க எழுதறது பால் இருந்தும் சொல்லிக்குடுக்க ஆள் இல்லாம எழந்தவங்களுக்காக, உன்ன குத்தம் சொல்ல ஒரு வரி கூட இல்ல.

உனக்கு நான் சொல்ல வேண்டியது பவுடர சரியா கலக்கறது தான், அத யாரும் ஒழுங்கா சொல்லிக்குடுக்கறதில்ல. மாவுல கிருமி இருக்கலாம், அதனால கொதிக்க வெச்ச தண்ணிய அரை மணி நேரத்துக்குள்ள, இன்னும் நல்ல சூடு இருக்கறப்பவே அளந்து ஊத்தி, அப்புறம் மாவு போடு. தண்ணி மொதல்ல, மாவு ரெண்டாவது. டப்பாவுல எழுதியிருக்கற ஸ்பூன் கணக்கு தான், தட்டையா வழிச்சு. டப்பா சீக்கிரம் தீந்துருதேன்னு தண்ணி சேத்து நீட்டக்கூடாது, எடையும் ஏறாது, ரத்தத்துல உப்பு கொறஞ்சு வலிப்பு வரைக்கும் போகும். கலந்த பால குழாத்தண்ணியில டம்ளர வெச்சு ஆத்தி, உன் மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு பாத்து குடு. அவ மிச்சம் வெச்சத அடுத்த தடவைக்கு வெக்காத, கொட்டிரு. பாட்டில விட டம்ளரும் பாலாடையும் கழுவறதுக்கு சுலபம், மூலை முடுக்கு இல்ல. அங்கன்வாடியில குடுக்கற மாவெல்லாம் ஆறு மாசம் முடிஞ்ச பின்னாடி தான், இப்பவே ஆரம்பிச்சுராத. குடுக்கறப்ப மார்போட அணைச்சு, அவ கண்ண பாத்துட்டே குடு.

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாசம். போன தடவ மூத்தவளுக்கு மூணாவது நாளே டப்பா பால் ஆயிருச்சு. இந்த தடவ அப்படி ஆகக்கூடாது. இப்பவே என்ன பண்ணி வெக்கணும்? - கோபாலபுரம் வாசகி

இப்பவே கேட்டயே, ரொம்ப சந்தோஷம். அடுத்த செக்கப்புக்கு போறப்ப டாக்டர்கிட்டயும் லேபர் வார்டு சிஸ்டர்கிட்டயும் ரெண்டே விஷயம் சொல்லி வெய்யி: கொழந்த பொறந்ததும், சிசேரியன் ஆனாலும், என் நெஞ்சு மேல போடுங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள மார்ல புடிக்க வையுங்க, அப்புறம் என்கிட்ட சொல்லாம எதுவும் குடுக்காதீங்க. அவங்களுக்கும் இது புது விஷயம் இல்ல, உலக சுகாதார நிறுவனம் சொல்ற பத்து விதியிலயே டாக்டர் சொல்ற காரணம் இல்லாம வேற பால் குடுக்கக்கூடாதுன்னு இருக்கு, நம்ம அரசாங்கமும் 2016லருந்து மா (MAA)ங்கற தாய்ப்பால் திட்டத்துல இதையே தான் சொல்லிட்டிருக்கு. உனக்கு சுகரோ பிரஷரோ இருந்து கொழந்தைய பிரிச்சு வெக்க வேண்டி வரும்னா, 37 வாரத்துக்கு மேல சீம்பால் பீச்சி சேக்கலாமான்னு இப்பவே டாக்டர கேட்டு வெய்யி, அவரு சரின்னு சொன்னா மட்டும் செய்யி.

ரெண்டாவது ராத்திரி உன்கூட யார் இருப்பாங்கன்னு இன்னிக்கே பேசி முடிவு பண்ணு. பயந்து டப்பா வாங்க ஓடறவங்க வேண்டாம், முதுகுக்கு தலகாணி வெச்சு, தண்ணி குடுத்து, கொழந்தைய எடுத்து எடுத்து மார்ல போடறவங்க வேணும், அது உங்க அம்மாவா இருந்தாலும் சரி, மாமியாரா இருந்தாலும் சரி, இந்த பக்கத்த அவங்களுக்கு படிச்சு காட்டு. மூத்திரம் மலம் போறத குறிச்சு வெக்க ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கோ. அப்புறம் ஆஸ்பத்திரி பையில பழைய வேட்டித்துணி, துண்டு, உன் நைட்டி எல்லாம் வெக்கறப்ப, சுடுதண்ணியில போட்டு எடுத்த ஒரு பாலாடையும் அடியில வெய்யி. வேண்டி வந்துச்சுன்னா கைக்கு அது தான் மொதல்ல கெடைக்கணும்.